“எத்தனை நாளாய் இப்படி?”



பங்கு விசாரணைக் குருவின் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் எல்லாரும் ஞானஸ்நானத்துக்கும் கலியாணத்துக்கும் ஓலை எழுதவே வருகிறார்கள் என்று எண்ணவேண்டாம். பொழுது சாய்ந்தபின், யாரும் பார்க்காத வேளையில், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. “சுவாமி, வீட்டில் ஒன்று மாற்றி ஒன்று கஷ்டம். மாடு செத்தது, மருமகளுக்குக் கர்ப்பம் தங்கவில்லை, இப்போது பெரியவனும் படுத்துவிட்டான். யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள்” என்பார்கள். வேறொருவர், “பிள்ளை உச்சிவேளையில் புளியமரத்தடியில் போய் வந்ததிலிருந்து சரியில்லை, காத்து கருப்பு பட்டிருக்கிறது” என்பார். நீங்களும் இப்படிச் சொல்லியிருப்பீர்கள்; அல்லது சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆகையால் இந்த வாரத்துப் பாடத்தை இதைக்குறித்தே வைத்துக்கொள்வோம்.

நான் சொல்லப்போகும் காரியம் ஒன்றே ஒன்றுதான். பேய் பிசாசு என்று ஒருவர் வந்து சொல்லும்போது, சிரிப்பதும் தவறு. சொன்னதை அப்படியே நம்பி யார்மேலாவது விரல் நீட்டுவதும் தவறு. நம் ஆண்டவர் செய்தது போல, முதலில் கேட்கவேண்டும்.

என் குற்றத்தை முதலில் சொல்லுகிறேன்

குருப்பட்டம் பெற்ற இரண்டாம் ஆண்டு. இந்தப் பங்கில் அன்று, வேறொரு ஊரில். குருமடத்தில் தத்துவ சாஸ்திரமும் தேவ சாஸ்திரமும் படித்துமுடித்த கர்வம் இன்னும் தணியாத காலம். ஒரு தாய் பன்னிரண்டு வயதுச் சிறுமியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். “சுவாமி, பிள்ளையை முனி அடிச்சிருச்சு. நின்ன இடத்துல விழுந்துடுறா. கண்ணு மேல சொருகிக்குது. நீங்க தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்சு விடுங்க” என்றாள்.

நான் சிரித்தேன். “என்னம்மா, இந்தக் காலத்திலுமா முனியும் பேயும்? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்கு வா, எல்லாம் சரியாகிவிடும்” என்று சொல்லி, சிறுமியின் தலைமேல் கைவைத்து ஆசீர்வதித்து அனுப்பிவிட்டேன். எத்தனை நாளாய் இப்படி என்று கேட்கவில்லை. எப்போதெல்லாம் விழுகிறாள் என்று கேட்கவில்லை. வைத்தியரிடம் காட்டினாயா என்றும் கேட்கவில்லை.

அவள் மறுபடி என்னிடம் வரவில்லை. சிரித்தவனிடம் யார் வருவார்கள்? சிரிக்காமல் கேட்கிற ஒருவனிடம் போனாள். அவன் வேப்பிலை அடித்தான், தாயத்துக் கட்டினான், கோழி கேட்டான், பணமும் கேட்டான். நான்கு மாதம் கழித்து அந்தப் பெண்பிள்ளை அடுப்பின்மேல் விழுந்து, ஒரு கை முழங்கை வரைக்கும் வெந்துபோயிற்று. தீக்காயத்துக்காக ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில்தான், அது காக்காய் வலிப்பு என்னும் நோய் என்று தெரிந்தது. மாத்திரை கொடுத்தார்கள்; வலிப்பு நின்றது. இன்று அவள் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஆனால் கையில் அந்தத் தழும்பு இருக்கிறது. அதில் பாதிப் பங்கு மந்திரித்தவனுடையது என்றால், மற்றப் பாதி என்னுடையது.

ஆண்டவர் கேட்ட கேள்வி

அதற்குப் பிறகுதான் அர்ச். மாற்கு சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தைப் புதிதாய் வாசித்தேன். ஒரு தகப்பன் தன் மகனைச் சேசுநாதரிடம் கொண்டுவருகிறான். பிள்ளை விழுகிறான், நுரை தள்ளுகிறான், பற்களைக் கடிக்கிறான். சுற்றிலும் கூட்டம், சீஷர்களும் சாஸ்திரிகளும் வாக்குவாதம் செய்துகொண்டிருக்கிறார்கள். அந்தச் சந்தடியின் நடுவே நம் ஆண்டவர் தகப்பன் பக்கம் திரும்பி, இவனுக்கு எவ்வளவு காலமாய் இப்படி நேரிடுகிறது என்று விசாரிக்கிறார். சிறு வயது முதல் என்றும், பலமுறை தீயிலும் தண்ணீரிலும் விழுந்திருக்கிறான் என்றும் தகப்பன் சொல்லுகிறான்.

கவனியுங்கள். சகலமும் அறிந்தவர் கேட்கிறார். அவருக்குத் தெரியாததாலன்று, அந்தத் தகப்பன் சொல்லவேண்டியிருந்ததால். அவனுடைய பல வருடத்துக் கண்ணீரைச் செவிகொடுத்துக் கேட்டபின்தான் பிள்ளையைக் குணமாக்குகிறார்.

“அப்படியானால் வலிப்பெல்லாம் பிசாசுதானே, சுவாமி? அங்கே ஆண்டவர் அசுத்த ஆவியைத்தானே துரத்தினார்?” என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அந்தப் பிள்ளையின் நிலையை ஆண்டவர் அறிந்திருந்தார். நாம் அறியோம். வலிப்பு வருகிறவர்கள் எல்லாரும் பிசாசு பிடித்தவர்கள் என்று திருச்சபை ஒருநாளும் படிப்பிக்கவில்லை.

சரிந்து விழுந்த தானியக் குதிர்

கேட்பதனால் என்ன விளங்கும் என்பதற்குத் தூரதேசத்து உதாரணம் ஒன்று சொல்லுகிறேன். எவன்ஸ்-பிரிட்சார்ட் என்னும் ஆங்கிலேயர், 1926-ஆம் ஆண்டு முதல் சில வருடங்கள் ஆப்பிரிக்காவில், இன்றைய தென் சூடான் பகுதியில், அசாந்தே என்னும் ஜனங்களிடையே தங்கினார். அந்த ஜனங்கள் எந்தத் தீங்கு வந்தாலும் சூனியம் என்பார்கள். அந்நியரான அவரோ சிரிக்காமல், அவர்களுடைய குடிசைகளுக்குப் பக்கத்திலேயே குடியிருந்து, ஒவ்வொன்றாய்க் கேட்டு எழுதிக்கொண்டார். 1937-இல் அதைப் பெரிய நூலாக வெளியிட்டார். ஆங்கிலிக்கன் குருவானவர் ஒருவரின் மகனாகிய இவர், 1944-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

அவர் எழுதிய உதாரணம் இது. அந்த ஊரில் தானியக் குதிரை மரக்கால்களின்மேல் உயர்த்திக் கட்டுவார்கள். வெயில் நேரத்தில் ஜனங்கள் அதன் நிழலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் குதிர் சரிந்து, அடியில் இருந்தவர்கள்மேல் விழுந்துவிடுகிறது. காலைக் கறையான் அரித்துவிட்டது என்பது அவர்களுக்குத் தெரியாதா? நன்றாய்த் தெரியும். நிழலுக்காக மனிதர் உட்கார்ந்தார்கள் என்பதும் தெரியும். ஆனால், இந்த மனிதர் உட்கார்ந்திருந்த இந்த நேரத்தில் அது ஏன் விழவேண்டும்? அந்த “ஏன்” என்னும் கேள்விக்குத்தான் சூனியம் என்று பதில் சொன்னார்கள்.

நம் ஊரிலும் இதே கதைதான். கிணற்றுமேட்டில் பாம்பு கடித்தது என்றால், பாம்பு கடித்ததால் விஷம் ஏறிற்று என்பது யாருக்கும் தெரியும். “தினமும் பத்துப்பேர் போகிற வரப்பில் என் பிள்ளையை மட்டும் ஏன் கடித்தது?” என்பதே தாயின் கேள்வி. அந்தக் கேள்வியைப் பார்த்துச் சிரிக்கிறவன் மனுஷ இருதயத்தை அறியாதவன்.

ஆனால் அந்தக் கேள்விக்குச் சொல்லப்படும் பதிலில்தான் ஆபத்து இருக்கிறது. சூனியம் என்று சொன்னவுடன் அடுத்த கேள்வி, “வைத்தது யார்?” என்பதாகிறது. ஓரகத்தி, பங்காளி, பிள்ளையில்லாத கிழவி, புருஷனை இழந்த அடுத்த வீட்டுக்காரி என்று விரல் நீளுகிறது. வட இந்தியாவில் இப்படிச் சூனியக்காரி என்று பட்டம் சூட்டி எத்தனையோ ஏழைப் பெண்களை அடித்தும் கொன்றும் இருக்கிறார்கள். பீகார் அரசாங்கம் 1999-இல் அதற்கென்றே தனிச் சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. நம் ஊரில் கொலை வரை போகாதிருக்கலாம். ஆனால் ஒரே வாசலில் இருக்கும் இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் பத்து வருஷம் கிடப்பதற்குக் குறி சொன்னவனின் ஒரு வார்த்தை போதும். இதை நீங்கள் அறிவீர்கள்.

ஆண்டவர் காலத்திலும் ஒரு கட்டிடம் விழுந்தது. சீலோவே என்னும் இடத்தில் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் மாண்டார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளோ என்ற எண்ணத்தை, அர்ச். லூக்காஸ் பதின்மூன்றாம் அதிகாரத்தில், ஆண்டவர் அடியோடு மறுக்கிறார். பிறவிக் குருடனைக் கண்டு, இவன் பாவமோ பெற்றோர் பாவமோ என்று சீஷர்கள் கேட்டபோதும், யார்மேலும் விரல் நீட்ட அவர் சம்மதிக்கவில்லை. அர்ச். அருளப்பர் ஒன்பதாம் அதிகாரத்தில் அதைக் காணலாம். “ஏன்?” என்று அழுகிறவனை அவர் கடிந்துகொள்ளவில்லை, “யார்?” என்று தேடுகிறவனையோ தடுத்து நிறுத்துகிறார். கிறிஸ்தவனுக்கு இதுவே சட்டம்.

செஞ்சிப் பக்கத்துப் புதுப்பெண்கள்

ஆப்பிரிக்காவை விட்டு நம் சீமைக்கு வருவோம். திருவண்ணாமலைக்கு அப்பால் இருக்கும் செஞ்சிப் பக்கத்துக் கிராமங்களில், 1990-ஆம் ஆண்டை ஒட்டி, பிரெஞ்சுக் குலத்தவரான ஓர் அம்மையார் தங்கினார். இசபெல் நபோகோவ் என்பது அப்போது அவர் பெயர். பிற்காலத்தில் இசபெல் கிளார்க்-டெசெ என்று அழைக்கப்பட்டார். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியையாயிருந்து, 2017-இல் இந்திய மண்ணிலேயே காலமானார். பேய் ஓட்டும் இடங்களில் பொறுமையாய் உட்கார்ந்து, தாம் கண்டதையும் கேட்டதையும் 2000-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

அவர் கவனித்தது யாதெனில், பேய் பிடித்ததாய்க் கொண்டுவரப்பட்டவர்களில் மிகுந்தவர்கள் புதிதாய்க் கலியாணமான இளம்பெண்கள். பிடித்த பேயோ, பெரும்பாலும், ஆசை நிறைவேறாமல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்ட வாலிபன் என்று சொல்லப்படும். பம்பை அடிக்கிறவர்கள் பேயின் பெயரைக் கேட்பார்கள்; எங்கே பிடித்தாய், எப்போது போவாய் என்று அதட்டுவார்கள். கடைசியில் பெண்ணின் ஒரு கொத்து மயிரை எடுத்துப் புளியமரத்தில் ஆணி அறைவார்கள். பேய் மரத்தோடு நின்றுவிட்டது, பெண் புருஷன் வீட்டுக்குத் திரும்பலாம் என்பது அதன் கருத்து.

பிரியமானவர்களே, இதை யோசித்துப் பாருங்கள். பதினெட்டு, இருபது வயதுப் பெண். பிறந்த வீட்டை விட்டு, அறியாத வீட்டில், அறியாத மனிதர் நடுவே வந்திருக்கிறாள். அவள் சாப்பிடவில்லை, பேசவில்லை, புருஷன் அருகே வந்தால் நடுங்குகிறாள், திடீரென்று அலறுகிறாள். எல்லாரும் பேயைப் பார்த்து, “நீ யார்? உனக்கு என்ன வேண்டும்?” என்று கேட்கிறார்கள். “அம்மா, உனக்கு என்ன துயரம்?” என்று அவளைப் பார்த்துக் கேட்கிறவர் யார்? அவளைக் கட்டாயப்படுத்தி மணமுடித்தார்களா? வீட்டில் அடிக்கிறார்களா? நகை போதவில்லை என்று சொல்லிக் காட்டுகிறார்களா? பிள்ளை பெற்றபின் சில பெண்களுக்கு வரும் கடுமையான மனநோயா? கேட்டால்தானே தெரியும். தெய்வப் பெயரைச் சொல்லி ஆடினால் மட்டுமே தன் பேச்சைக் கேட்பார்கள் என்னும் நிலை ஒரு பெண்ணுக்கு வருமானால், வெட்கப்படவேண்டியது அந்த வீடு.

இது அஞ்ஞானிகளின் காரியம், நமக்கு என்ன என்று தள்ளிவிடவேண்டாம். முதலாவது, நம் அயலாரை அப்படி இழிவாய்ப் பேசுவதை விட்டுவிடுவோம். பிற மதங்களில் உண்மையும் பரிசுத்தமுமாய் இருப்பது எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்திருக்கிறது. சேர்வராயன் மலையடிவாரத்தில் முனியப்பனைக் கும்பிடுகிறவர்கள் நம்மோடு ஒரே கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறவர்கள். இரண்டாவது, நம்மவர்களும் போகிறார்கள். தரங்கம்பாடி லுத்தரன் சபையின் பேராயராயிருந்த சுவீடன் தேசத்தவர் கார்ல் குஸ்தாவ் டீல் என்பவர், தென்னிந்தியக் கிறிஸ்தவர்களின் வாழ்க்கையில் ஊர் வழக்கங்கள் எப்படிக் கலந்திருக்கின்றன என்று ஆராய்ந்து, 1965-இல் ஒரு நூலே எழுதினார். அவர் எழுதியது பிரிந்த சகோதரர்களைப் பற்றியே என்று நாம் மார்தட்டிக்கொள்ள முடியாது. ஞாயிறன்று தேவநற்கருணை வாங்கிய கையில் திங்களன்று மந்திரித்த கயிறு கட்டியிருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

திருச்சபை படிப்பிப்பது என்ன?

பிசாசு உண்டு என்பது நம் விசுவாசம். சேசுநாதர் அதை ஜெயித்தார் என்பதும் நம் விசுவாசம். ஞானஸ்நானம் பெற்று, இஷ்டப்பிரசாதத்தில் நிலைத்திருக்கிறவன் பிசாசுக்கு அஞ்சி நடுங்கவேண்டியதில்லை. குறி கேட்பது, மைபோட்டுப் பார்ப்பது, செத்தவர்களை அழைப்பது, செய்வினை வைப்பது, வைத்ததை எடுக்க மந்திரவாதியை நாடுவது ஆகிய இவை யாவும் முதற் கற்பனைக்கு விரோதம். உபாகமம் பதினெட்டாம் அதிகாரம் இவைகளை விலக்குகிறது. சவுல் அரசன் எந்தோர் என்னும் ஊரில் குறிகாரியிடம் போனான். போகுமுன் இருந்த பயம் திரும்பும்போது பன்மடங்காயிற்று. குறி கேட்கப் போகிறவர்களின் அனுபவம் இன்றும் அதுவே.

பேயோட்டும் சடங்கு திருச்சபையில் உண்டு. ஆனால் எந்தக் குருவும் நினைத்தபோது அதைச் செய்ய முடியாது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி, மேற்றிராணியார் வெளிப்படையாய்க் கொடுக்கும் தனி உத்தரவு பெற்ற குருவே செய்யலாம். ஒருவனுக்குப் பிசாசு பிடித்திருக்கிறது என்று எளிதில் நம்பலாகாது, அது நோயா என்று முதலில் பகுத்தறியவேண்டும் என்று 1614-ஆம் ஆண்டு ரோமைச் சடங்கு நூலே எச்சரிக்கிறது. 1999-இல் வெளியான திருத்திய சடங்கும், இப்போதைய மறைக்கல்வி நூலும் அதையே வற்புறுத்துகின்றன. நானூறு வருடத்துக்கு முன்னமே திருச்சபை இவ்வளவு எச்சரிக்கையாய் இருந்திருக்க, நாம் அவசரப்படுவது எப்படிச் சரியாகும்?

இன்னொன்று. பதக்கம், தீர்த்தம், உத்தரியம் இவைகளைத் தாயத்தைப் போல் நினைப்பதும் வீண்பக்தியே. தீர்த்தம் நம் ஞானஸ்நானத்தை நினைப்பூட்டி, ஜெபத்துக்கு நம்மைத் தூண்டுகிறது. மாத்திரைக்குப் பதிலாக அதைக் கொடுப்பது தேவனைச் சோதிப்பதாகும்.

சங்கிலி

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ஆம் தேதி விடியற்காலையில் இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் நடந்ததை மறக்கலாகாது. மனநோயாளிகளைக் குணம் தேடி அங்கே கொண்டுபோய் விடுவார்கள். தனியார் நடத்திய ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓடமுடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே விட்டுவந்த பெற்றோரும் பிள்ளைகளும் கொடியவர்கள் அல்லர். வேறு வழி அறியாதவர்கள். பிற மதத்தாரைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. நம் புண்ணிய ஸ்தலங்களிலும் புத்தி கலங்கினவர்களைக் கட்டிவைத்த வழக்கம் இருந்ததுண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்திருக்கிறது. சட்டத்துக்கு முன்பே நம் மனச்சாட்சி அதைத் தடைசெய்திருக்கவேண்டும்.

வீட்டில் கைக்கொள்ளவேண்டியவை

1. ஒருவர் “பேய்” என்று சொல்லி அழுதால், சிரிக்கவேண்டாம். எத்தனை நாளாய் இப்படி, எப்போது வருகிறது, மனதில் என்ன பாரம் என்று தனியே, அமைதியாய்க் கேளுங்கள்.

2. வலிப்பு வந்தால் சாவிக்கொத்தையோ இரும்பையோ கையில் திணிக்கவேண்டாம். வாயில் எதையும் வைக்கவேண்டாம். அடுப்பு, கிணறு இவைகளை விட்டு விலக்கி, ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். தகுந்த மருந்தை ஒழுங்காய் உட்கொண்டால், பத்தில் ஏழு பேர் வரை வலிப்பில்லாமல் வாழக்கூடும்.

3. பாம்புக்கடிக்கு மந்திரம் தேடி ஒரு நிமிஷமும் தாமதிக்கவேண்டாம். நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

4. மனம் கலங்கினவர்களைத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லலாம். வெட்கமாயிருந்தால் 14416 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்து, தமிழிலேயே பேசலாம்.

5. யார்மேலும் செய்வினைப் பழி சுமத்தாதீர்கள். சுமத்தியிருந்தால், இந்த வாரமே போய்ச் சமாதானமாகுங்கள், பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லுங்கள்.

6. வைத்தியத்தோடு ஜெபத்தையும் விடாதீர்கள். என்னையும் கூப்பிடுங்கள். நோயாளிக்காக உங்களோடு முழந்தாளிட்டுச் செபிக்க எந்நேரமும் வருவேன். ஆண்டவர் கிருபையால், இப்போது சிரிக்கமாட்டேன்.

இன்றிரவு ஜெபமாலை முடிந்தபின், குடும்பத்தார் கூடி இவ்விரண்டு கேள்விகளைப் பேசிக்கொள்ளுங்கள்: நம் வீட்டில் துயரத்தை வெளியே சொல்லமுடியாமல் இருக்கிறவர் யாராவது உண்டா? நம் வீட்டார் யாரோ ஒருவர்மேல் நீட்டிய விரல் இன்னும் மடங்காமல் இருக்கிறதா?

சுவிசேஷத்தில் அந்தத் தகப்பன் கண்ணீரோடு, தான் விசுவசிப்பதாயும், தன் அவிசுவாசத்துக்கு உதவிசெய்யும்படியும் ஆண்டவரை மன்றாடினான். பயமும் விசுவாசமும் கலந்த நம்முடைய இருதயங்களுக்கும் அதுவே தகுந்த ஜெபம். ஆண்டவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு,
பொம்மிடி.